பெட்டிக்குள் அகப்பட்ட மூன்றாம் சரணம்

கணினியின் பொத்தானை அழுத்தினேன். உள்ளே காற்றாடி சுழலத் தொடங்கியது. வழமையாக அடுத்த கணம் 'கீக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது வந்தால் பெட்டி எழும்பிவிட்டது, நான் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரலாம் என்று பொருள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அது வரவில்லை. நீளமாக ஓர் ஊதல் வந்தது. நின்றது. திரும்பவும் நீளமாக ஓர் ஊதல்.

மொனிற்றர் கறுப்பாகவே கிடந்தது.

"உதென்ன சத்தம்? ஆரும் படலையடியிலை லொறி றிவேஸ் எடுக்கிறாங்களோ?" குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருந்த என் கணவர் கேட்டார்.

"இல்லையப்பா. கொம்பியூட்டர்."

"ஒரு தட்டுத் தட்டிப் பாத்தனீரே?"

அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். தபால் கந்தோரில் காலமெல்லாம் முத்திரை குத்திய கை. எங்கள் வீட்டு வானொலி, தொலைக்காட்சி, மின்விசிறி எல்லாம் அந்தக் கையால் பலதரம் குணமாகியிருக்கின்றன. ஆனால் இதைத் தட்ட விட எனக்கு மனம் வரவில்லை.

பின்னேரம் நாலு மணிக்குத் தேவாலயத்தில், விளைச்சலைக் கொண்டுவந்து படைக்கும் அறுப்பின் பண்டிகை. அதில் நாங்கள் பாட இருந்த பாட்டின் மூன்றாம் சரணத்தின் இசை அந்தப் பெட்டிக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

ராணி அக்கா கொண்டுவந்த கடதாசி

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் இருவரும் கொக்குவிலில், றெயில் பாதைக்குக் கிட்ட, மதில் கட்டிய ஒரு வளவுக்குள் இருக்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டில். எங்கள் தேவாலயத்தின் பாடகர் குழுவை நான் பல வருடங்களாக நடத்தி வருகிறேன். அந்த வருடங்கள் முழுவதும் மற்றவர்கள் போட்ட மெட்டுகளைத்தான் பாடினோம். நானே ஒரு பாட்டுக்கு இசை அமைப்பேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. இல்லை, அது பொய். கனவில் நினைத்திருக்கிறேன். வெளியில் சொன்னதில்லை.

ராணி அக்கா எங்கள் குழுவில் இரண்டாங் குரல் பாடுகிறவர். ஒல்லியான தேகம், பெரிய கை. வலிகாமம் வடக்கில் அவருக்கு ஒரு தோட்டக்காணி இருந்தது. சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் முழுவதும் இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்குள் போய்விட்டது. அவர் கொக்குவிலுக்கு வந்து, பிறருடைய நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் செய்தார். சில ஞாயிறுகளில் ஆராதனை முடிந்ததும் பஸ் எடுத்துப் போய், கம்பிக்கு வெளியே நின்று தன் காணியின் பக்கம் பார்த்துவிட்டு வருவார். கேட்டால், "சும்மா ஒரு நடை" என்பார்.

ஒருநாள் காணியைத் திருப்பி விட்டார்கள். அக்கா பற்றையை வெட்டினார். கிணற்றை இறைத்தார். முதன்முதலாக வெங்காயம் நட்டார்.

அதைப் பிடுங்குவதற்குச் சில கிழமைகள் முன்னர், பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, பைக்குள்ளிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சுகிர்தம், நான் கொஞ்சம் எழுதினனான். பாட்டெண்டு சொல்லேலாது. நீர் பாத்திட்டுக் கிழிச்சுப் போடும்."

மூன்று சரணங்கள். முதல் இரண்டும் மழை, விதை, விளைச்சல் என்று எல்லா அறுப்பின் பாட்டுகளையும் போலத்தான் இருந்தன. மூன்றாவதை நின்றபடியே இரண்டு தரம் வாசித்தேன்.

கம்பிக்கு அப்பால் கண்ட மண்ணே,
காலடி படவே காத்த மண்ணே,
இன்று என் கையில் ஈரம் தந்தாய்.

"அக்கா, இதுக்கு நான் நாலு குரலிலை மெட்டுப் போடட்டே?" என்றேன். கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கே விளங்கியது.

வீட்டில் இருந்த பாடகர் குழு

அந்தத் துணிவைத் தந்தது இந்தக் கணினிதான். சண்டை ஓய்ந்து தெற்குக்குப் போகும் பாதை திறந்த பிறகு, பிள்ளைகளின் படிப்புக்கென்று வாங்கியது. ஓட்டோவில் மொனிற்றரை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். என் கணவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் ஓட்டோக்காரரைப் பேசிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் படித்தார்கள், போனார்கள். பெட்டி என்னிடம் மிஞ்சியது.

போவதற்கு முன் மூத்தவன் அதில் ஓர் இசை மென்பொருளைப் போட்டுவிட்டான். ஐந்து கோடுகளின் மேல் ஸ்வரங்களைப் புள்ளி புள்ளியாக வைக்கலாம். வைத்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் நாலு குரலையும் ஒன்றாகப் பாடிக் காட்டும். குரல் என்ன குரல், தகரக் குழலுக்குள் பூனை கத்துகிறது போலத்தான். எனக்கென்றால் அது தேவதூதர் சேனை. ஒரு புள்ளியை மேலே வைப்பேன், கேட்பேன், முகம் சுளிப்பேன், கீழே இறக்குவேன். எனக்குக் கையால் இசை எழுத அவ்வளவு வராது. காதால் தடவித் தடவித்தான் எதையும் கண்டுபிடிப்பேன்.

பெட்டிக்கு வயது போகப் போக நோயும் வந்தது. ஒருமுறை யாரோ தந்த பென் டிரைவைக் குத்திய பிறகு, என் கோப்புகள் எல்லாம் சின்ன அம்புக்குறிகளாக மாறிவிட்டன. இன்னொருமுறை பின்பக்கத்திலிருந்து கருகிய வாடை வந்தது. கழற்றிப் பார்த்தால் மின்பகுதிக்குள் ஒரு பல்லி, பாவம், வற்றலாகிக் கிடந்தது. நல்லூரில் கணினி திருத்தும் கடைக்காரர் நாகரிகமாகச் சொன்னார்: "அன்ரி, இதுக்கு இனிச் செலவழிக்காதேங்கோ. புதுசு ஒண்டு பாருங்கோ." எனக்குக் கோபம் வந்தது. என் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னது போல இருந்தது.

அதன் பிறகு சின்னத் திருத்தங்களை நானே செய்யப் பழகினேன். மூத்தவன் தொலைபேசியில் சொல்லித்தந்த ஒரே விதி: "அம்மா, பெருசா யோசிக்காதேங்கோ. சின்னதிலை இருந்து தொடங்குங்கோ. கரண்ட் வருதோ, வயர் இறுக்கமோ, பிறகுதான் மற்றது."

முதல் இரண்டு சரணங்களையும் முடித்து, அச்சடித்து, குழுவுக்குப் பழக்கியாயிற்று. மூன்றாம் சரணம் படாத பாடு படுத்தியது. அதற்கு மெட்டே வேறு. நாலு குரலும் ஒன்றாகத் தொடங்கி, பிரிந்து, கடைசி வரியில் வந்து சேர வேண்டும். சனிக்கிழமை பின்னேரந்தான் அது சரியாக வந்தது. சந்தோஷத்தில் எழும்பி அறையைச் சுற்றி நடந்தேன். காலையில் அச்சடிக்கலாம் என்று பெட்டியை நிறுத்தினேன்.

மாஸ்டரின் யோசனை

பத்து மணிக்கு எங்கள் வீட்டில் கடைசிப் பயிற்சி. மற்றவர்கள் வருவதற்கு முன்னரே தேவராசா மாஸ்டர் வந்துவிட்டார். அவர் எங்கள் ஓர்கன் வாசிப்பவர். நெல்லியடியில் கணிதம் படிப்பித்து இளைப்பாறியவர். ஓர்கனிலும் கணக்குப் பிழைக்க விடமாட்டார். என் பாட்டை அவர் நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பெரிய பயம்.

நான் பெட்டியின் பின்னால் முழங்காலில் நின்று வயர்களைக் கழற்றிக் கழற்றிக் குத்திக்கொண்டிருந்தேன். பெட்டி ஊதியது. மாஸ்டர் கதிரையில் இருந்து கேட்டார்.

"பிள்ளை, நான் ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்கோ மாஸ்டர்."

"நாங்கள் வருசா வருசம் பாடுற இங்கிலிஷ் பாட்டையே பாடுவம். எல்லாருக்கும் மனப்பாடம். உந்தப் பழைய பெட்டியை நம்பி நிண்டு கடைசியிலை சபைக்கு முன்னாலை வெக்கப்படக் கூடாது."

"ரெண்டு சரணம் பாடலாந்தானே?"

"அரைப் பாட்டையோ? அரைக் கணக்குக்கு நான் புள்ளி போட்டதில்லை, பிள்ளை."

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் என்னைக் குத்தியது. மெட்டு எனக்கு நினைவிருந்தது. மற்ற மூன்று குரல்களையும் நினைவிலிருந்து எடுக்க எனக்கு இன்னொரு கிழமை வேண்டும்.

அந்த நேரம் ராணி அக்கா சைக்கிளில் வந்து இறங்கினார். கரியரில் வெங்காயப் பிடிகள், தாள் வாடாமல் ஈரச்சாக்கு சுற்றி. பண்டிகைக்குப் படைக்க. கறுத்த மொனிற்றரையும் என்னையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மாஸ்டர் தன் யோசனையைத் திரும்பச் சொன்னார்.

அக்கா சண்டை பிடிக்கவில்லை. "அப்ப, வெங்காயத்தைப் படைச்சுப்போட்டு நான் சபையோடை இருக்கிறன் மாஸ்டர். இங்கிலிஷ் பாட்டை நீங்கள் பாடுங்கோ. இண்டைக்கு எனக்கு வேறை பாட்டு வாயிலை வராது" என்றார்.

அவ்வளவுதான். எனக்குள் ஏதோ ஒன்று எழும்பியது.

"இஞ்சாருங்கோ!" என்று குசினிப் பக்கம் கத்தினேன். "ஸ்குறூ ட்றைவரைக் கொண்டு வாங்கோ!"

சைக்கிள் பம்

கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். நீள ஊதல், விட்டு விட்டு வந்தால், ராம் தகட்டைப் பார்க்கவும் என்று இருந்தது. கணினி வேலை செய்யும்போது எல்லாவற்றையும் தற்காலிகமாக ஞாபகத்தில் வைத்திருக்கும் ஒரு சின்னத் தகடு அது. அது இல்லாவிட்டால் பெட்டிக்குத் தன் பெயரே தெரியாது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்டி இவ்வளவு நேரமும் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் அதன் மொழி விளங்கவில்லை.

வயர்களைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்தோம். உள்ளே செம்மண் புழுதி, பஞ்சு போலத் திரண்டு. ஒரு மூலையில் எறும்புகள் குடியேறிப் பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தன.

"பொறும், பொறும்" என்று என் கணவர் ஓடினார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்முடன் திரும்பி வந்தார். "தட்டத்தான் விடமாட்டீர். ஊதவாவது விடும்."

பெட்டியை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ராணி அக்கா தன் பெரிய கைகளால் அதை அசையாமல் பிடித்தார். நான் காற்றாடி சுற்றாமல் விரலை வைத்துக்கொண்டேன். இவர் பம்மை அடிக்க, புழுதி புகைபோல எழும்பி எல்லோருடைய ஞாயிற்றுக்கிழமை உடுப்பிலும் படிந்தது. எறும்புகள் அக்காவின் கையில் ஏறின. "கடியுங்கோ, கடியுங்கோ, நான் உங்களைப் பாத்துப் பயப்பிடமாட்டன்" என்று அக்கா எறும்புகளோடு கதைத்தார். மாஸ்டர் மட்டும் விறாந்தையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்த மூலை, அந்த மூலை இன்னும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் தொற்றிவிட்டது என்று அப்போதே கண்டுகொண்டேன்.

ராம் தகட்டைக் கழற்றினேன். அதன் விளிம்பில் பொன்னிறப் பற்கள் இருக்கும். அவை மங்கி, தேத்தண்ணிக் கறை பிடித்த மாதிரி இருந்தன. பிள்ளைகளின் பழைய கொம்பாஸ் பெட்டிக்குள் இருந்த அழிறப்பரால் மெல்ல மெல்ல உரஞ்சினேன். மங்கல் போய்ப் பளபளப்பு வந்தது. திரும்பக் குழிக்குள் வைத்து, இரண்டு பக்கமும் அழுத்தினேன்.

உள்ளே கொண்டுபோய் வயர்களைக் கொழுவி, பொத்தானை அழுத்தினேன்.

நீளமாக ஓர் ஊதல்.

இதற்குள் குழுவில் பாதிப்பேர் வந்து வாசலில் நின்றார்கள்.

"பக்கத்திலை இன்னொரு குழி இருக்கெல்லே?" என்று மாஸ்டர் கேட்டார். எப்போது கதிரையை விட்டு எழும்பி என் தோளுக்குப் பின்னால் வந்தாரோ தெரியாது. "அதிலை வைச்சுப் பாரும். பிழை தகட்டிலையோ குழியிலையோ எண்டு தெரிய வேணும். ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பக் கூடாது."

மறுபடியும் மின்னை நிறுத்தி, தகட்டை மற்றக் குழிக்கு மாற்றினேன். அழுத்தினேன். காற்றாடி சுழன்றது.

'கீக்.'

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. ராணி அக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். இவர் பம்மைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், போர் வென்ற ஆள் மாதிரி.

திரும்பிப் போன கடிகாரம்

சந்தோஷம் மொனிற்றரில் எழுத்து வரும் வரைக்குந்தான். நாளும் நேரமும் தெரியவில்லை, தொடர ஒரு விசையை அழுத்து என்றது. அழுத்தினேன். மெல்ல, மெல்ல, கிழட்டு மாடு எழும்புகிற மாதிரி எழும்பி வந்தது. இசை மென்பொருளைத் திறந்தேன். அது திறக்க மறுத்தது. கடிகாரம் பின்னால் திருப்பப்பட்டுள்ளது, அனுமதி இல்லை என்று ஒரு சின்னப் பெட்டியில் எழுதிக் காட்டியது.

மூலையில் திகதியைப் பார்த்தேன். அந்தக் கணினி எங்கள் வீட்டுக்கு வருவதற்கும் முந்திய ஒரு வருடம், தை மாதம் முதலாந் திகதி.

உள்ளே கடிகாரத்தை ஓட்டும் ஒரு பொத்தான் பற்றரி உண்டு. அது செத்துவிட்டது. இத்தனை நாளும் பெட்டியை மின்னோடேயே விட்டு வைத்திருந்ததால் தெரியவில்லை. நாங்கள் வயரைக் கழற்றியதும் நாளெல்லாம் மறந்துவிட்டது.

"கையாலை மாத்தலாம்" என்றேன். "இண்டைக்கு என்ன திகதி? கெதியாச் சொல்லுங்கோ!"

எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒருவரோடு ஒருவர் ஒத்துவரவில்லை. என் கணவர் சுவரில் தொங்கிய கலண்டருக்கு ஓடினார். அதில் இரண்டு நாள் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. கடைசியில் மாஸ்டர் தன் தேவாலயப் பத்திரிகையைப் பார்த்து அமைதியாகச் சொன்னார். மாற்றினேன். மென்பொருள் திறந்தது.

அங்கே இருந்தது மூன்றாம் சரணம். ஒரு புள்ளியும் குறையவில்லை. கண் கலங்கிப் புள்ளிகள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

அச்சடிக்கும் பொத்தானை அழுத்தினேன். பிரின்ரர் முனகியது, நடுங்கியது, ஒரு தாளை வெளியே தள்ளியது. ராணி அக்கா எடுத்து வாசித்தார்.

"'எங்கள் ஒழுங்கையில் தெருவிளக்கு எரியாமை பற்றியது...' இதென்ன, உம்மடை பாட்டோ?"

அடுத்த தாள். அதுவும் தெருவிளக்கு. அதற்கடுத்ததும் தெருவிளக்கு.

நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமை எழுதினது" என்றார் அவர், பம்மை மெல்லக் கீழே வைத்தபடி. "அழுத்த அழுத்த வரேல்லை. நானும் விடாமல் அழுத்தினன். பிறகு கையாலை எழுதிக் குடுத்திட்டன்."

அவர் அழுத்திய அவ்வளவும் வரிசையில் காத்திருந்திருக்கின்றன. பிரின்ரரின் வயரைப் பிடுங்கி, கணினியில் வரிசையைத் துடைத்து, திரும்பக் கொழுவினேன். முதற் குரலின் தாள்கள் கறுப்பாக வந்தன. இரண்டாங் குரல் சாம்பல் நிறத்தில். ஆண்களின் மேற்குரல் பழைய காயத் தழும்பு போல மங்கலாக. கீழ்க்குரலுக்கு வெறுந்தாள் வந்தது. மை தீர்ந்துவிட்டது.

"போனிலை படம் எடுப்பம்" என்று கீழ்க்குரல் பாடும் யோகன் அண்ணை மொனிற்றரைப் படம் எடுத்தார். எடுத்துவிட்டுத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "எறும்பு ஊருற மாதிரித்தான் தெரியுது, தங்கச்சி. பெட்டிக்குள்ளை இருந்து வந்த எறும்பே?"

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். தெருவிளக்குத் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார்.

"பிள்ளை, கீழ்க்குரலை மட்டும் போட்டுக் காட்டும். மெல்லமா."

நான் பொத்தானை அழுத்தினேன். தகரக் குழல் பூனை கீழ்க்குரலில் கத்தியது. அவர் தலையைச் சரித்துக் கேட்டு, பெரிய பெரிய எழுத்தில் ஸ்வரங்களை எழுதினார். ஒரு வரி முடிந்ததும் கையை உயர்த்துவார், நான் நிறுத்துவேன். முடிந்த பிறகு சொன்னார்: "இப்ப நாலையும் ஒண்டாப் போடும்."

போட்டேன். குரல்கள் பிரிந்தன, அலைந்தன, கடைசி வரியில் வந்து சேர்ந்தன.

மாஸ்டர் பேனையை மூடினார். "திரும்பப் போடும்" என்றார். இரண்டாந்தரம் கேட்டபோது அவருடைய விரல்கள் மேசை விளிம்பில் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்தன.

"நல்லது எண்டு நான் கெதியிலை சொல்லுற ஆளில்லை" என்றார். "எழும்புங்கோ எல்லாரும். நேரம் போகுது. ராணி, நீர் எங்கை நிக்கிறீர்? உம்மடை இடத்துக்கு வாரும்."

நாலு மணி

தேவாலயத்துக்குள் பூசணி, வாழைக்குலை, நெல்லுக்கதிர் எல்லாம் சேர்ந்து ஒரு மணம். பீடத்தின் படியில் ராணி அக்காவின் வெங்காயம். படைத்தவற்றைப் பின்னால் ஏலம் போடுவதற்காக ஒலிபெருக்கியைக் காலையிலேயே கட்டிவிட்டார்கள்; எங்கள் பாட்டும் அதன் வழியே தெருவுக்குப் போனது.

முதல் இரண்டு சரணமும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதற்கு நான் கை உயர்த்தினேன். 'கம்பிக்கு அப்பால்' என்று நாலு குரலும் ஒன்றாக எழும்பின. சபையில் ஒரு சின்ன அசைவு. அந்தச் சொல் எங்கள் ஊரில் யாருக்குத்தான் விளங்காது? குரல்கள் பிரிந்தபோது யோகன் அண்ணையின் ஆட்கள் ஒரு கணம் தடுமாறினார்கள். மாஸ்டர் ஓர்கனில் அவர்களுடைய ஸ்வரத்தை அழுத்திப் பிடித்து வழிக்குக் கொண்டுவந்தார்.

நான் ராணி அக்காவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்த்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. வாய் நிறையத் திறந்து, பீடத்துப் படியைப் பார்த்துக்கொண்டு பாடினார். கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. கலியாண வீட்டில் மகளைப் பார்க்கிற தாயின் முகம்.

முடிந்தது. போதகர் எழும்பினார், வாசிக்க வேண்டியதைத் திறந்தார், மூடினார்.

"எனக்குச் சங்கீதம் தெரியாது" என்றார். "ஆனால் கடைசிச் சரணத்தை இன்னொருக்காப் பாடேலுமோ?"

தேவாலயத்தில் அப்படி யாரும் கேட்டு நான் கண்டதில்லை. பாடினோம். இந்தத்தரம் கீழ்க்குரல் தடுமாறவில்லை.

ஏலத்தில் அந்த வெங்காயத்துக்குப் பெரிய போட்டி. கடைசியில் ஒரு பிடி தேவராசா மாஸ்டரிடம் போனது. சைக்கிள் ஹான்டிலில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல், நெஞ்சை நிமிர்த்தி மிதித்துப் போனார்.

றெயில் கேற்றடியில்

அது நடந்து சில நாள் கழித்து நான் சந்தையிலிருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தேன். றெயில் கேற் பூட்டியிருந்தது. எனக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர், நெற்றியில் திருநீறு, முன்னால் ஒரு மூட்டை பால்மா. முன்பின் தெரியாதவர். றெயிலைப் பார்த்துக்கொண்டு தன்பாட்டில் ஏதோ முணுமுணுத்தார்.

எனக்குக் காது சுட்டது. அது என் மெட்டு.

ஒலிபெருக்கியில் கேட்டிருப்பார். சொல் தெரியாது, 'தன்னானே' என்று போட்டுக்கொண்டு போனார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். 'ஈரம் தந்தாய்' என்ற இடம் வந்தது. நான் அதை நேராக ஒரே ஸ்வரத்தில் நிறுத்தியிருந்தேன். அவர் அதை ஒரு படி கீழே இறக்கி, அங்கே சற்று நின்று, பிறகு மேலே கொண்டுபோனார். பிழையாகத்தான் பிடித்திருந்தார். ஆனால் கடவுளே, அந்தப் பிழை எவ்வளவு வடிவாக இருந்தது!

"அண்ணை!" என்றேன். அந்தக் கணம் றெயில் வந்தது. கேற்றும் நிலமும் அதிர்ந்தன. அது போய் முடிந்து கேற் எழும்பியதும் அவர் ஒரே முறுக்கில் போய்விட்டார்.

மறந்துவிடக் கூடாது. அதை வாய்க்குள் போட்டு, திரும்பத் திரும்ப முணுமுணுத்தபடி சைக்கிளை மிதித்தேன். எதிரே வந்த யோகன் அண்ணை, "என்ன தங்கச்சி, சந்தையிலை மீன் எப்பிடி?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். ஒழுங்கைக்குள் திரும்பினேன். படலையைத் தள்ளினேன். சைக்கிள் எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை.

பொத்தானை அழுத்தினேன். 'கீக்.' நல்லது. ஆனால் அது எழும்ப எடுக்கும் நேரம்! வட்டம் சுற்றியது. நான் முணுமுணுத்தேன். வட்டம் சுற்றியது.

"மீன் வாங்கினீரே?" என் கணவர் வந்து கேட்டார்.

நான் வாயைக் காட்டி, கையை அசைத்தேன்.

"என்ன? பல்லுக் குத்தோ?"

இல்லையென்று தலையை ஆட்டி, ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, மொனிற்றரைச் சுட்டினேன். அவர் மொனிற்றரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ விளங்கியிருக்க வேண்டும். ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் எனக்குப் பக்கத்தில் இருந்தார். வட்டம் நின்றது. கோப்புத் திறந்தது. அந்தப் புள்ளியைப் பிடித்து ஒரு படி கீழே இறக்கி, அடுத்ததை மேலே வைத்து, பொத்தானை அழுத்தினேன்.

பூனை பாடியது. நான் கடைசி வரி வரைக்கும் கேட்டேன்.

"ஓம்" என்றேன் பிறகு, வாயை முழுக்கத் திறந்து. "இப்ப கேளுங்கோ. மீன் சைக்கிளோடை படலையடியிலை விழுந்து கிடக்கு."